கூலி யார் கைக்கு?

1772 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையிடம் ஒரு விண்ணப்பம் வந்தது. கப்பல் தச்சராக உழைத்து உடல் நொந்துவிட்டது, ஓய்வூதியம் வேண்டும் என்று கேட்டது அது. அப்படிக் கேட்ட தச்சர்கள் பலர். இந்த விண்ணப்பதாரரின் பெயர்தான் வேறு: மேரி லேசி. போர்ட்ஸ்மவுத் கப்பல் கட்டும் துறையில் அவரை வில்லியம் சாண்ட்லர் என்றே அறிந்திருந்தார்கள்.

மேரி 1740இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதிலேயே வீட்டு வேலைக்குப் போனார். 1759இல் ஆணுடை அணிந்து வெளியேறி, சாண்ட்விச் என்ற போர்க்கப்பலில் தச்சரின் எடுபிடியாகச் சேர்ந்தார். 1763இல் போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் தச்சுக்குத் தொழில் பழகுநராக ஒப்பந்தமானார். ஏழாண்டுக் காலம் அது.

இந்த ஏழாண்டு எங்கிருந்து வந்தது? 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஏழாண்டு பழகாதவர் தொழில் செய்யக் கூடாது என்றது. ஏழைச் சிறுமிகளையும் திருச்சபை வட்டார நிர்வாகம் இதேபோல் ஒப்பந்தம் எழுதி அனுப்பிவைத்தது. ஆனால் அவர்களில் பலருக்கு எழுதப்பட்ட 'தொழில்' வீட்டுப் பராமரிப்பு. காகிதம் ஒன்றுதான், முடிவு வேறு. பையன் ஆண்டுகள் கழித்துத் தச்சனாக வெளியே வந்தான். சிறுமி வேலைக்காரியாகப் போனாள், வேலைக்காரியாகவே வந்தாள். மேரி ஆணுடையில் நுழைந்தது இந்த வித்தியாசத்துக்குள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

துறையில் பழகுநருக்குக் கூலி உண்டு. ஆனால் அது ஆசான் கைக்குப் போகும். சோறும் துணியும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மேரி வாய்ச்சியும் உளியும் பிடித்து உழைத்த ஆண்டுகளின் கூலி அவருடைய சொந்தப் பெயருக்கும் வரவில்லை, சொந்தக் கைக்கும் வரவில்லை. இடையில் அவர் பெண் என்ற பேச்சு துறையில் கிளம்பியது. உண்மை அறிந்த சக தொழிலாளர் இருவர் அதை வெளியே சொல்லாமல் காத்தார்கள். 1770இல் பழகுகாலத்தை முடித்து முழுத் தச்சரானார். மறு ஆண்டே மூட்டுவாதம் வேலையை நிறுத்தியது.

நிர்வாகம் அவருக்கு ஆண்டுக்கு 20 பவுண்டு வழங்கியது. ஓய்வுபெற்ற கப்பல் தச்சருக்குக் கிடைத்த அதே தொகை. 1773இல் தன் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். தச்சர் மேரி லேசி என்று அரசு ஏற்றுக்கொண்டபோது, அவரால் தச்சு வேலை செய்ய முடியாமல் போயிருந்தது.

வேடமில்லாமல் உள்ளே போக எவ்வளவு காலமானது? அமெரிக்காவில் 1978இல்தான் தொழில் பழகுநர் திட்டங்களில் பெண்களைச் சேர்க்க இலக்கு வைக்கும்படி தொழிலாளர் துறை விதி எழுதியது. கூட்டாட்சி அரசின் பணத்தில் நடக்கும் கட்டுமானங்களில் பெண்களின் பங்கு மூன்றாண்டில் 6.9 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்றது இன்னொரு விதி. நான்காண்டுத் தச்சுப் பயிற்சி, முழுத் தச்சரின் கூலியில் ஏறக்குறைய பாதியில் தொடங்கிப் படிப்படியாக உயரும் சம்பளம். கையில் குழந்தையோடு இருப்பவளும் பட்டினி கிடக்காமல் தொழில் கற்கலாம். பெண்கள் போனார்கள். சிலருக்குத் தொழில் சொல்லித்தரப்பட்டது. சிலர் நாள் முழுதும் கூட்டிப் பெருக்க அனுப்பப்பட்டார்கள். நாற்பதாண்டு கடந்தும் அமெரிக்கத் தச்சர்களில் பெண்கள் அந்த 6.9ஐ எட்டவில்லை.

கதவைத் திறப்பது விதியால் முடிகிறது. உள்ளே வந்தவள் கையில் உளியைக் கொடுப்பது யார் பொறுப்பு என்பதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

நம் ஊர்க் கட்டடங்களில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். சிறிய ஆள். அவளோடு கையாளாக வந்த பையன் கரண்டி பிடிக்கப் பழகிக் கொத்தனாராகிறான். அவள் தலை நரைத்த பிறகும் சித்தாள்தான். அவளுக்கு ஏழாண்டு ஒப்பந்தம் எழுத யாரும் வரவில்லை. அவள் கரண்டி பிடிக்கக் கற்கும் நாட்களுக்கு யார் கூலி தருவார்கள்?