உறக்கமும் நடத்தையும்: அரிய நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் குறித்து எடப்பாடியிலிருந்து ஒரு பார்வை

அரிய நரம்பு வளர்ச்சிக் கோளாறுள்ள குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப் போனால் பகலைப் பற்றித்தான் பேச்சு தொடங்கும்: அடம் பிடிக்கிறது, அடிக்கிறது, தன் கையையே கடித்துக்கொள்கிறது. இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறது, எத்தனை முறை விழிக்கிறது என்பது கடைசியில் வரும், வராமலும் போகும். இந்த வரிசையை மாற்றியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஸ்மித்-மெஜினிஸ் நோய்க்குறி இதற்குத் தெளிவான சான்று. 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு விடுபடுவதாலோ அதிலுள்ள ஆர்ஏஐ1 மரபணு பழுதுபடுவதாலோ இது வருகிறது. 15,000 முதல் 25,000 பிறப்புகளில் ஒருவருக்கு என்பது கணிப்பு. இரவில் சுரக்க வேண்டிய உறக்க ஹார்மோனான மெலடோனின் இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பகலில் சுரக்கிறது. நள்ளிரவில் எழுந்து திரிவதும் நண்பகலில் துவண்டு விழுவதும் வளர்ப்பின் குறையல்ல. பிரான்சில் சில குழந்தைகளுக்குக் காலையில் பீட்டா தடுப்பு மருந்தும் மாலையில் மெலடோனினும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் கூடியது, நடத்தையும் சீர்பட்டது. எண்ணிக்கை சிறிதுதான், ஆனால் காரணம் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது.

மற்ற அரிய கோளாறுகளிலும் உறக்கம் குலைகிறது. ஏஞ்சல்மேன் நோய்க்குறியுள்ள குழந்தை குறைவாகத் தூங்கும், வலிப்பும் சேர்ந்துகொள்ளும். ரெட் நோய்க்குறியில் நள்ளிரவில் காரணமில்லாத சிரிப்பு வரும். பிராடர்-வில்லியில் உறக்கத்தில் மூச்சுத் தடைபட்டுப் பகலெல்லாம் தூக்கம் வழியும். சான்ஃபிலிப்போவில் பல இரவுகள் விழிப்பிலேயே கழியும். ‘சொந்தத்தில் கட்டியதால் வந்தது’ என்று இந்த நோய்கள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் எழுதுவது நம் வழக்கம். சான்ஃபிலிப்போவுக்கு அது ஓரளவு பொருந்தும்; இரு பெற்றோரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டிய நோய் அது. ஸ்மித்-மெஜினிஸும் ரெட்டும் பெரும்பாலும் அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றுபவை. தாயைப் பழிப்பதற்கு அங்கே இடமே இல்லை.

அப்படியானால் எல்லாருக்கும் மெலடோனின் கொடுத்துவிடலாமா? பிரிட்டனில் நரம்பு வளர்ச்சிக் கோளாறுள்ள 146 குழந்தைகளிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. மருந்து எடுத்தவர்கள் சுமார் 38 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். மொத்த உறக்கம் கூடியது 22 நிமிடம்தான். நடத்தையில் பெரிய மாற்றமில்லை. இதை என் வாதத்துக்கு எதிரான சான்றாக நான் கொள்ளவில்லை. காரணம் தேடாமல் பொதுவாகக் கொடுக்கும் மாத்திரை இவ்வளவுதான் செய்யும் என்பதே இதன் பொருள்.

அந்த ஆய்வில் மருந்துக்கு முன், பெற்றோருக்கு உறக்கப் பழக்கக் கையேடு ஒன்று தரப்பட்டது. அத்தகைய கையேடுகள் கேட்பது இருட்டான, அமைதியான அறை. ஆனால் சேலம் மாவட்டத்தின் எடப்பாடியிலும் ஜலகண்டாபுரத்திலும் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிப்பட்டறை இருக்கிறது. தறிக்கூடத்துக்குள் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம்; குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் அனுமதிப்பது 45 டெசிபல்தான். தாயும் தகப்பனும் ஷிப்ட் மாறி மாறித் தறி ஓட்டுகிற வீட்டில் குழந்தையைப் படுக்கவைப்பவரும் நேரமும் வாரந்தோறும் மாறும். உடற்கடிகாரம் ஏற்கெனவே பிறழ்ந்த குழந்தைக்கு இது இரட்டைச் சுமை. தறியை நிறுத்தச் சொல்வது பிழைப்பை நிறுத்தச் சொல்வது. அதை நான் சொல்லமாட்டேன். தறி ஓடாத பெரியம்மா வீட்டில் இரவு படுக்கவைக்கலாம். படுக்கும் நேரம் தவறினாலும் எழுப்பும் நேரத்தை மாற்றாமல் வைத்து, காலை வெயிலில் சற்று நேரம் விடலாம். இவை இங்கே நடக்கக்கூடியவை.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்குப் பொதுவான காரணமான இரும்புச்சத்துக் குறைவு இரவில் கால் குடைச்சலைத் தரலாம். பேசத் தெரியாத குழந்தை அதை உதைத்தும் அழுதும்தான் சொல்லும். உடலின் இரும்புச் சேமிப்பை அளக்கும் ஃபெரிட்டின் பரிசோதனை ஒன்றே இந்தக் குறைவைக் காட்டிக்கொடுத்துவிடலாம்.

2013இல் 30 நிலைகளின் பட்டியலுடன் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்கிரம் என்னும் தேசியக் குழந்தைநலத் திட்டம் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது. அந்தப் பட்டியலில் நடத்தைக் கோளாறு உண்டு. தூக்கக் கோளாறு தனியாக இல்லை. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகிற குழுவினர் தூங்கும் நேரம், விழிப்பு, குறட்டை ஆகிய மூன்றையும் கேட்டு எழுத வேண்டும். சேலத்துக்குப் பஸ் ஏறுமுன் இரண்டு வாரத் தூக்கத்தைத் தாய் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போகட்டும். நடத்தையை அடக்கும் மருந்தை எழுதுமுன் அந்தத் தாளைப் படியுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.