வெள்ளைப் பருவும் செப்பு மருந்தும்

வத்தளையில் அலங்கார மீன் ஏற்றுமதிக் கொம்பனியொன்றின் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். கற்பிட்டி, திருகோணமலைச் சுழியோடிகள் பிடித்த மீன்கள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகுமுன் எங்களிடம்தான் தங்கும். இந்தத் தொழிலுக்கு இங்கே பாதை வெட்டியவர்களில் ஒருவர் சுழியோடி ரொட்னி ஜொங்ளாஸ்.

செட்டையில் வெள்ளையாக எதைக் கண்டாலும் செப்பு மருந்து ஊற்றுவதுதான் அப்போதைய வழக்கம். (முதலாளிக்கு அவசரம், விமானத்துக்கும் அவசரம்.) பொடிப் பொட்டுகளென்றால் பெரும்பாலும் ஒட்டுண்ணி, செப்புக்கு அடங்கும். பூக்கோவா போலத் திரண்ட பருவென்றால் லிம்போசிஸ்டிஸ் என்ற வைரஸ் நோய். அதற்குச் செப்பு வீண், மீனுக்குத்தான் கேடு.

இந்தப் பருவை 1874இல் இங்கிலாந்தில் ஒரு தட்டைமீனில் கண்டு எழுதினார் லோ என்பவர். காரணம் வைரஸாயிருக்கலாமென்று 1914இல் வைசன்பெர்க் என்பவர் சொன்னார். 1962இல்தான் இலத்திரன் நுணுக்குக்காட்டி அந்த வைரஸின் நுண்ணமைப்பைக் காட்டியது. நாங்களோ செட்டை நுனியில் துளி வெட்டிச் சாதாரண நுணுக்குக்காட்டியில் வைப்போம். ஒற்றைக் கலமே வீங்கி, சிலவேளை வெறுங்கண்ணுக்கும் தெரியும் உருண்டையாய் நிற்கும்.

லிம்போசிஸ்டிஸ் பெரும்பாலும் தானாக மாறிவிடும். பங்காய் கார்டினல் மீனைக் கொல்லும் இரிடோவைரஸ் அப்படியல்ல. 2009இல் ஆய்வாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். அதில் வெளியே பரு கிடையாது, மண்ணீரலையும் சிறுநீரகத்தையும் ஆய்வுகூடத்தில் பார்த்தால்தான் தெரியும். ஆகவே, வாங்கும் மீனைச் சில கிழமை தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள்.