ஈயச் சிப்பாயும் தண்ணீர் வர்ணமும்

ஓய்வுபெற்ற பிறகு, மேசைப் போர் விளையாட்டுக்கான சின்னச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசுகிறேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். எச்.ஜி.வெல்ஸே தரையில் தவழ்ந்து விளையாடியவர்தான். 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று அதற்கு விதிப்புத்தகமும் எழுதினார். அந்தக் காலத்தில் லண்டன் பிரிட்டன் கம்பெனியின் ஈயப் பொம்மைகள் பிரபலம். 1893 முதல், உள்ளே கூடாக வார்த்து, வர்ணம் பூசியே விற்றார்கள்.

பிறகு அவரவரே பூசும் பழக்கம் பரவியது. அதற்கு இங்கிலாந்தில் பேர்போனது ஹம்ப்ரால் எனாமல். 1919-இல் ஹல் நகரில் எண்ணெய் வியாபாரமாகத் தொடங்கிய கம்பெனி! சின்னத் தகர டப்பாவில் வரும். பளபளப்பிலும் பிடிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் காய ஒரு ராத்திரி ஆகும். பிரஷ் கழுவ டர்பெண்டைன் வேண்டும். எனக்கோ ஆஸ்துமா. அந்த வாடை அறையில் இருந்தால் தூக்கம் போச்சு.

தண்ணீரில் குழைக்கும் அக்ரிலிக், 1955-இல் அமெரிக்காவில் 'லிக்விடெக்ஸ்' என்ற பெயரில் ஓவியர்களுக்காக வந்தது. பொம்மைக்காரர்கள் பக்கம் வரப் பல வருஷம் பிடித்தது. தண்ணீர் ஆவியானதும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். அப்புறம் தண்ணீர் பட்டாலும் கரையாது. பிரஷ்ஷிலும் அதே கதைதான். உடனே அலசாவிட்டால் குப்பைக்குப் போகும்.

நம்மூர் வெயிலில் தட்டில் விட்ட வர்ணம் சட்டென்று காய்ந்துவிடுகிறது. ஈரப் பஞ்சின் மேல் பட்டர் பேப்பர் விரித்து அதில் விட்டுக்கொள்கிறேன். ஸ்பெயினின் வல்லேஹோ சொட்டுக் குப்பியில் வருவதால் எனக்கு அதுதான் வசதி. ரெண்டு சொட்டு போதும். முதலில் பிரைமர், பிறகு மெல்லிசாக ரெண்டு பூச்சு, கடைசியில் வார்னிஷ். அது இல்லாவிட்டால் கை படப்படச் சிப்பாயின் மூக்குதான் முதலில் வெளுக்கும்.