காலந் தவறிய பசளை

பசளையின் வரலாற்றை இறக்குமதிக் கணக்கைக் கொண்டு மட்டும் எழுதிவிட முடியாது. எவ்வளவு வந்தது என்பதோடு, எவ்வடிவில் வந்தது, எக்காலத்தில் பயிரைச் சென்றடைந்தது என்பனவும் ஆராயப்படல் வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள எம்பிலிப்பிட்டிய நெல்வயல்களும், அதற்கு வடக்கேயுள்ள இறக்குவானைத் தேயிலை மலைகளும் இதற்குச் சான்று பகர்வன.

1960களில் உடவளவைத் திட்டம் எம்பிலிப்பிட்டியப் பகுதியின் வறண்ட நிலங்களுக்கு நீர் தந்தது. 1962இல் அரசு பசளை மானியத்தைத் தொடங்கியது. பத்தலகொடையில் ஆக்கப்பட்ட எச் 4, பின்னர் பி.ஜி. 11-11 ஆகிய நெல்லினங்கள் பரவியதோடு நைதரசன் தேவையும் பெருகிற்று. நீர் நிற்கும் வயலில் நைத்திரேற்று நிலைப்பதில்லை. நீரோடு கீழிறங்கும், அன்றேல் வாயுவாகிக் காற்றிற் கலக்கும். ஆதலால் அமோனியம் சல்பேற்றும், 46 வீதம் நைதரசன் கொண்ட யூரியாவும் நெல்லுக்கு உரியனவாயின. அவற்றையும் ஒரே தடவையில் இட்டால் பெரும்பகுதி வீணாகும். மட்டம் வெடிக்கும் பருவத்திலும் கதிர் உருவாகத் தொடங்கும் பருவத்திலும் பிரித்திடுதல் வேண்டும். தேயிலைக்கோ மழையை அனுசரித்து ஆண்டிற் பல தடவை இடவேண்டும். பறிக்கப்படுவது இளங்கொழுந்தாதலின், நைதரசன் குறைந்தால் விளைச்சலும் குறையும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. கூட்டெருவே மாற்றாகக் காட்டப்பட்டது. அதில் நைதரசன் மிகச் சிறிதளவே உண்டு. அதுவும் நுண்ணுயிர்களால் மெல்ல மெல்லவே விடுவிக்கப்படும். ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் தருவிக்கப்பட்டது. நவம்பர் பிற்பகுதியில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. தடை நீங்கிய செய்தி வந்ததேயன்றி, யூரியா உரிய பருவத்தில் வயலுக்கு வரவில்லை. அப்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய பெரும்போகத்தினும் மூன்றிலொரு பங்கிற்கு மேலாகக் குறைந்தது.

மலையில் அவ்விழப்பு வேறொரு முகங்கொண்டது. 2021 மார்ச்சில்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. அதன்பின் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் பலர் முறையிட்டனர். அவ்வேளையில் பசளையின்றிச் செடியிற் கொழுந்து குறையின், குறித்த நிறையை எட்டாதவளுக்கு அரைப்பேரே கிட்டும். 29.9 கோடி கிலோவாயிருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் ஏறத்தாழ 25.1 கோடி கிலோவாக வீழ்ந்தமைக்குப் பசளைத் தட்டுப்பாடு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

இதனால் சேதனப் பசளை பயனற்றது என்று கொள்ளல் தவறு. மண்ணைப் பண்படுத்துவதில் அதற்கு நிகரில்லை; ஆனால் அம்மாற்றத்திற்குப் பல ஆண்டுகள் வேண்டும். அக்காலத்தை அளிக்காமற் பிறந்த கட்டளையின் விலையை, அதனை இயற்றியோரன்றி, வயலில் நின்ற விவசாயியும் கூடை சுமந்த பெண்ணுமே செலுத்தினர். பசளைக் கொள்கையை வகுப்போர் பயிரின் நாட்காட்டியை முதலிற் படித்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.