நெல்லி வட்டு முதல் கோலிக்குண்டு வரை

விழா மலருக்கு நம் பழைய விளையாட்டு ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு குழுவினர் அன்போடு பணித்தனர். அடியேன் கோலியை எடுத்துக்கொண்டேன். ஒற்றைக்குழி, முக்குழி, பேந்தா, சாண், பழம், முட்டி என்று சொன்ன மாத்திரத்தில் பொருள் விளங்கிக்கொள்ளும் பெருமக்களே இம்மலரைப் படிக்கப் போகிறார்கள். ஆகவே ஆடும் முறையை விரிக்காமல், இந்த ஆட்டத்தின் சொற்கள் நம் முன்னோர் நூல்களில் எத்துணைச் சிறப்போடு வீற்றிருக்கின்றன என்பதை மட்டும் என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் எடுத்துரைக்கிறேன்.

வேம்பின் நிழலில் ஓர் அரங்கு

நற்றிணையின் மூன்றாம் பாட்டு இளங்கீரனார் பாடியது, பாலைத்திணை. முன்பு பொருள் தேடிச் சென்ற தலைவன், மீண்டும் போகத் தூண்டும் தன் நெஞ்சை நோக்கிப் பேசுகிறான். அவன் கண்ட வழியில் வில்லை ஏராகக் கொண்டு வாழ்வோரின் சிற்றூர் ஒன்று. அங்கே வானளாவிய கிளைகளோடு ஒரு வேப்பமரம். உச்சியில், குஞ்சு பொரித்த பருந்து வருந்தியிருக்கிறது. அடியில் புள்ளி புள்ளியாக விழும் நிழல். அந்த நிழலில் சிறுவர்கள் தரையைக் கீறி அரங்கு அமைத்து, நெல்லிக்காய்களை வட்டாக வைத்து ஆடுகிறார்கள்.

அந்த அரங்குக்குப் புலவர் சொல்லும் உவமை பொன்னை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல். தட்டானிடம் அக்கல்லைப் பார்த்திருப்பவர்கள் இதன் அழகை உணர்வார்கள். கரிய பரப்பில் பொன் இழுத்த கோடுகள் குறுக்கும் நெடுக்கும் கிடக்கும். சிறுவர் மண்ணில் கீறிய கோடுகள் புலவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பாலையின் கொடுமைக்கு நடுவே குழந்தைகளின் ஆட்டத்தைப் பொன்னுக்கு நிகராக வைத்த அந்தப் புலவரை எத்தனை முறை வணங்கினாலும் தகும்.

வள்ளுவரும் பரிமேலழகரும்

கல்லாமை அதிகாரத்தை வள்ளுவப் பெருந்தகை இந்த ஆட்டத்தைக் கொண்டுதான் தொடங்குகிறார். நிரம்பிய நூலறிவு இல்லாதவன் அவையில் பேசப் புகுவது, அரங்கு இழைக்காமல் வட்டாடியதைப் போன்றது என்பது 401ஆம் குறளின் கருத்து. இதற்கு உரை வகுத்த பரிமேலழகர், வட்டாடலாவது உண்டை உருட்டல் என்று பொருள் கூறி, மேலே சொன்ன நற்றிணைப் பாட்டையே சான்று காட்டுகிறார். சங்கப் பாட்டும் குறளும் உரையும் ஒரு விளையாட்டில் வந்து சந்திக்கும் இடம் இது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நற்றிணை அச்சிறுவர்களைக் கல்லாதவர்கள் என்றே குறிக்கிறது. குறளோ கல்லாமையைப் பற்றியது. ஏடு தொடாத அந்தப் பிள்ளைகளும் கோடு கீறாமல் ஆட்டம் தொடங்கவில்லை. எது உள், எது வெளி, எங்கே நின்று எறிவது, எதைத் தொட்டால் வெற்றி என்பதை முதலில் வகுத்துக்கொண்டார்கள். கல்லாமல் அவையேறுபவன் அந்த ஒழுங்கைக்கூட அறியாதவன் ஆகிறான். பேந்தாவுக்குக் கோடு கிழித்த நம் பிள்ளைகள் அறியாமலே வள்ளுவர் நெறியில் நின்றவர்கள்.

இராமபிரான் கையில் உண்டை

பரிமேலழகர் சொன்ன உண்டை என்ற சொல் நம்மை இறைவன் சந்நிதிக்கே அழைத்துச் செல்கிறது. திருமழிசையாழ்வார் திருச்சந்தவிருத்தத்தில் திருவரங்கத்தைப் பாடும்போது, கூனியின் கூனை உண்டையால் அடித்து உள்ளம் மகிழ்ந்த பெருமானின் ஊர் அது என்கிறார். கம்பரும் அயோத்தியா காண்டத்தில், சிறுவயதில் இராமன் வில்லால் எறிந்த உண்டையை அந்தக் கூனியாகிய மந்தரை மனத்தில் வைத்திருந்ததாகப் பாடுகிறார். பிள்ளை விளையாட்டில் தெறித்த மண்ணுருண்டை இராம காதையின் பெரும் திருப்பத்துக்கு ஒரு வித்தாகிறது.

நம் பிள்ளைகள் கோலி அடிக்கும் கையைக் கூர்ந்து பாருங்கள். இடக்கைப் பெருவிரல் மண்ணில் ஊன்றியிருக்கும். நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, வலக்கையால் அவ்விரலைப் பின்னுக்கு இழுத்து விடுவார்கள். வளைந்த விரலே வில். பறக்கும் கோலியே உண்டை. மேல்நாட்டுப் பிள்ளைகள் விரல் முட்டியைத் தரையில் வைத்துக் கட்டைவிரலால் சுண்டுவார்கள். நம் முறையில் உண்டைவில்லின் சாயல் இருக்கிறது.

ஆழ்வார் உண்டையைப் பாடியது போலவே, விளையாட்டின் பெயர்களை இறைவனுக்கு ஆக்கியவர் மணிவாசகப் பெருமான். சாழல், தெள்ளேணம், உந்தியார், தோணோக்கம், அம்மானை, பொன்னூசல் என மகளிர் ஆடல்களின் பெயரிலேயே திருவாசகப் பதிகங்கள் விளங்குகின்றன. விளையாட்டைச் சிறுமையாக எண்ணாத சமயம் நம்முடையது.

கழங்கு

சிறுவருக்கு வட்டு போல, கழற்சிக்காய் கொண்டு ஆடும் கழங்காட்டம் மகளிருக்கு உரியது. கருவூரைக் கிள்ளிவளவன் முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூறு 36ஆம் பாட்டில், ஆன்பொருநையின் வெண்மணலில் பொற்கழங்கு கொண்டு ஆடும் மகளிரைக் காண்கிறோம்.

பிற நாட்டார் பேணிய சொற்கள்

பிற நாடுகளிலும் இத்தகைய ஆட்டம் உண்டு. உரோமப் பிள்ளைகள் கொட்டைகளை வைத்து ஆடினர். பேரரசர் அகஸ்டஸே சிறுவர்களோடு அமர்ந்து கொட்டை ஆடியதாக வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். 1597 முதல் கண்ணாடித் தொழில் நடந்த செருமனியின் லவுஷா ஊரில், 1840களில் கோலி செய்வதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் உருவாயிற்று. நீண்ட கண்ணாடிக் கோலிலிருந்து வெட்டி எடுத்த தழும்பு அந்தக் கோலிகளில் இருக்கும். சேகரிப்போர் அதைப் பான்டில் என்பர். கையால் செய்த கோலிக்கு அதுவே அடையாளம். அமெரிக்காவின் அக்ரன் நகரத்து மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905இல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின், தழும்பில்லாத கோலிகள் பெருகின.

உள்ளே வண்ணம் சுழன்றால் ஸ்விர்ல், விலங்கின் வெள்ளுருவம் இருந்தால் சல்ஃபைடு, பொன்னிறப் பொடி மின்னினால் லட்ஸ், பூனைக்கண் போன்ற இதழ் தெரிந்தால் கேட்ஸ் ஐ என்று அந்நாட்டுச் சேகரிப்போர் பெயரிட்டு நூலேற்றியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் டின்ஸ்லி கிரீன் சிற்றூரில் புனித வெள்ளிதோறும் ஆறடி வட்டத்தில் 49 கோலிகளை வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். அவர்களும் வட்ட அரங்கு அமைத்தே ஆடுகிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954இல் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கியபோது கோலிக்கும் இடமளித்தார். சொல்லாராய்ச்சியில் மூழ்கிய அப்பேரறிஞர் சிறுவர் ஆட்டங்களுக்குத் தம் உழைப்பைச் செலவிட்டது நமக்கு ஒரு கட்டளை. யாழ்ப்பாணத்தார் கோலியைப் போளை என்பர். நம் நாட்டிலேயே மாவட்டத்துக்கு மாவட்டம், தெருவுக்குத் தெரு பெயர்களும் விதிகளும் மாறுகின்றன. அவற்றுள் பல இன்னும் ஏட்டில் ஏறவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் தெருவில் எந்தக் கோலியை எப்படி அழைத்தீர்கள், தோற்றவனுக்கு என்ன தண்டம் விதித்தீர்கள், எந்தச் சொல் சொல்லி ஆட்டத்தை நிறுத்தினீர்கள் என்பதை ஊர்ப்பெயரோடு எழுதி வையுங்கள். எழுத இயலாதவர்கள் பேரப்பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் 401ஆம் குறளை நடத்தும் நாளில் மாணவரை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, அரங்கு இழைத்து ஒருமுறை ஆடச் செய்யுங்கள். இளைஞர்கள் கைப்பேசியைச் சற்றே கீழே வைத்து மண்ணில் முழங்கால் ஊன்றுங்கள். நெல்லி வட்டு ஆடிய சிறுவர்களின் வழிவந்தவர்கள் நாம்; அந்தச் சொற்களைக் காப்பது நம் கடமை.