சீப்போடு வந்த கூந்தல்

மார்பில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது என் அத்தை அழவில்லை. "ஆப்பரேஷன் எப்போ?" என்று மட்டும் கேட்டாள். ஆப்பரேஷன் முடிந்து, முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு வீடு திரும்பி, மூன்றாவது வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை தலை வாரிக்கொண்டிருந்தவள் திடீரென்று சீப்பும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். ஒரு கைப்பிடி முடி சீப்போடு வந்திருந்தது. அன்றைக்குத்தான் அழுதாள். இது நடந்தது 2004இல். அப்போது அவளுக்கு 57 வயது.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே சமாதானத்தைச் சொன்னார்கள்: "உயிர் பெரிசா, மயிர் பெரிசா?" எதுகை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கேட்கக் கேட்க அத்தைக்கு அழுகையோடு வெட்கமும் சேர்ந்துகொண்டது. இத்தனை அற்ப விஷயத்துக்கு அழுகிறோமே என்ற வெட்கம்.

அற்ப விஷயம்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் புஸ்தகங்களைப் புரட்டுவான். புரட்டியதில் வேடிக்கையான ஒரு சங்கதி கிடைத்தது. கதிர் வைத்தியத்தின் சரித்திரமே முடி உதிர்ந்த கதையில்தான் தொடங்குகிறது.

ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில மாதங்களில் உலகமெங்கும் அந்தக் கதிரை வைத்துக்கொண்டு விளையாடாத விஞ்ஞானி இல்லை. அமெரிக்காவில் வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் ஜான் டானியல் என்ற பௌதிக ஆசிரியர் இருந்தார். தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த ஒரு குழந்தைக்கு, குண்டு எங்கே இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. குழந்தைக்குச் செய்வதற்கு முன் பெரியவர் ஒருவர் தலையில் பரீட்சை செய்து பார்ப்போம் என்று தீர்மானித்தார்கள். டட்லி என்ற பேராசிரியர் தம் தலையைக் கொடுத்தார். கதிர்க் குழாயை முடியிலிருந்து அரை அங்குல தூரத்தில் வைத்து ஒரு மணி நேரம் படம் எடுத்தார்கள். தகட்டில் ஒன்றும் விழவில்லை. ஆனால் 21 நாள் கழித்து, குழாய் இருந்த இடத்தில் டட்லியின் தலையில் இரண்டு அங்குல அகலத்துக்கு வழுக்கை விழுந்தது.

இப்படி முடி உதிர்ந்த சேதி ஒன்றை வியன்னாவில் லியோபோல்ட் பிராயிண்ட் என்ற இளம் டாக்டர் அதே ஆண்டில் பத்திரிகையில் படித்தார். மற்றவர்கள் படித்துச் சிரித்திருப்பார்கள். அவர் யோசித்தார். முதுகில் மயிர் அடர்ந்த பெரிய மச்சத்தோடு இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு அந்தக் கதிரைச் செலுத்தினார். முடி உதிர்ந்தது, பிறகு புண்ணும் வந்தது. உடம்பின் உயிரணுக்களை இந்தக் கதிரால் அழிக்க முடியும் என்பதை அந்தச் சிறுமியின் முதுகு காட்டிக் கொடுத்தது.

மருந்தின் கதை வேறு. அது யுத்தத்தில் பிறந்தது. 1942இல் யேல் சர்வகலாசாலையில், விஷவாயு இனத்தைச் சேர்ந்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்ற பொருளை ஒரு புற்றுநோயாளிக்கு ரகசியமாக ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். மறு ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி, இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டன. அங்கே நின்ற ஜான் ஹார்வி என்ற அமெரிக்கக் கப்பலுக்குள் 2,000 மஸ்டர்ட் குண்டுகள் இருந்தது யாருக்கும் தெரியாது. கடலில் குதித்துத் தப்பியவர்கள் அந்த விஷம் கலந்த எண்ணெயில் நீந்தினார்கள். 600க்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். 80க்கு மேல் மாண்டார்கள். விசாரிக்கப் போன ஸ்டூவர்ட் அலெக்ஸாண்டர் என்ற ராணுவ டாக்டர், அவர்களுடைய ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அநேகமாக அழிந்து போயிருப்பதைக் கண்டார். வேகமாகப் பெருகும் அணுக்களை இது தேடிப் போய்க் கொல்கிறது என்பது ஊர்ஜிதமாயிற்று.

அதே பாரியிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் காஸ்டெல் டெல் மான்டே என்ற எட்டு மூலைக் கோட்டை வரும். பிரெடரிக் சக்கரவர்த்தி 13ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1950களில் அதன் அருகே மண் எடுத்துப் போனார்கள் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள். அந்த மண்ணில் இருந்த நுண்ணுயிர் ஒன்று சிவப்புச் சாயம் போன்ற பொருளைச் சுரந்தது. அதை வளர்த்து, மாற்றி, 1960களின் இறுதியில் ஒரு மருந்து செய்தார்கள். பக்கத்தில் இருக்கும் அட்ரியாடிக் கடலின் பெயரால் அட்ரியாமைசின் என்று அதற்கு நாமகரணம் நடந்தது. அத்தையின் கைக்குள் சொட்டுச் சொட்டாக இறங்கிய சிவப்பு மருந்து அதுதான். "குங்குமத்தைக் கரைச்சு ஏத்தறாப்பல இருக்குடா" என்றாள்.

குங்குமம்தான், ஆனால் கண் இல்லாத குங்குமம். பெருகுகிற அணு எதுவானாலும் அதற்கு ஒன்றே. நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. எந்த நேரத்திலும் அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே அந்த வேர்களும் மாட்டிக்கொள்கின்றன. மருந்து நின்றதும் வேர் மறுபடி வேலையைத் தொடங்கும். இதெல்லாம் டாக்டர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததனாலேயே அவர்கள் கவலைப்படவில்லை. திரும்ப வரப்போகிற சாமானைப் பற்றி என்ன பேச்சு!

நெற்றியைச் சுற்றி இறுக்கமான பட்டை கட்டிச் சிலர் பார்த்தார்கள். 1979இல் அமெரிக்காவின் அரிஸோனாவில், மருந்து ஏறும்போது தலையில் ஐஸ் வைத்துக் குளிர்வித்தால் முடி ஓரளவு தப்புகிறது என்று மூன்று பேர் எழுதினார்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்குகிறது. வேருக்கு மருந்து குறைவாகப் போகிறது. பிற்பாடு இங்கிலாந்தில் ஹடர்ஸ்பீல்டு ஊரில், பீரைக் குளிர்விக்கும் யந்திரம் செய்துவந்த பாக்ஸ்மன் குடும்பத்தில் ஒரு பெண்மணிக்கு இந்த நோய் வந்து கூந்தல் போயிற்று. அவர் கணவர் பீருக்குச் செய்ததையே தலைக்குச் செய்தார். அமெரிக்க சர்க்கார் குளிர்த் தொப்பிக்கு அனுமதி கொடுத்தது 2015 டிசம்பரில்தான். எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு உதவவும் உதவாது. என்றாலும் டட்லியின் வழுக்கையிலிருந்து இந்தத் தொப்பி வரை 119 வருஷம் என்று கணக்குப் போட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

அத்தையின் துக்கத்துக்குத் தனியாக ஒரு சரித்திரம் உண்டு. அவளுடைய பாட்டி நார்மடிப் புடவைக்காரி. மாதம் ஒரு முறை கொல்லைப்புறமாக நாவிதன் வந்து போவதை அத்தை சிறு பெண்ணாகப் பார்த்திருக்கிறாள். அந்தக் கொடிய வழக்கம் பிற்பாடு போய்விட்டது. அவள் மனத்தில் அந்தக் கொல்லைப்புறம் போகவில்லை. "அத்திம்பேர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கார். நான் பாட்டி மாதிரி நிக்கறதா? இனிமே மருந்து வேண்டாம்டா" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இரண்டாவது தடவைக்குக் குறித்த தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. கூந்தலுக்காக மருந்தையே மறுத்துவிடும் பெண்கள் எல்லாத் தேசத்திலும் உண்டு என்று டாக்டர் பிறகு சொன்னார். நாங்கள் எல்லாரும் கெஞ்சினோம், அத்திம்பேர் கோபித்துக்கொண்டார். பலன் இல்லை.

அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண் பழனிக்குப் போய்விட்டுத் திரும்பினாள். மொட்டைத் தலையில் சந்தனம், நெற்றியில் பெரிய குங்குமம், கையில் பஞ்சாமிர்த டப்பா. அவள் புருஷன் பின்னாலேயே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அத்தை அந்தத் தலையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சுவாமி அலமாரியில் வைத்தாள். எங்கள் குடும்பத்தில் சுமங்கலிகள் மொட்டை போடும் வழக்கம் கிடையாது. அதைச் சொல்லப் போன பெரியம்மாவிடம், "அதுவா எடுத்துண்டு போறதுக்குள்ளே நானா முருகனுக்குக் கொடுத்துடறேன்" என்றாள். அத்திம்பேருடைய நாவிதரே வந்தார். கொல்லைப்புறத்தில் வேண்டாம் என்று சொல்லி, வாசல் திண்ணையில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னபடி கத்தி படாமல் மெஷினால் எடுத்தார். சந்தனத்தை அத்திம்பேர் குழைத்துக் கொடுத்தார், கை நடுங்கியது. இரண்டாவது தடவை மருந்துக்கு அத்தை குறித்த தேதியில் போனாள்.

பிள்ளை டோப்பா ஒன்று வாங்கி வந்தான். திருப்பதியில் பக்தர்கள் கொடுக்கும் முடி ஏலம் போய், இந்த மாதிரி டோப்பாக்களாக உலகமெல்லாம் சுற்றுகிறது. அத்தை ஒரு கல்யாணத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு போனாள். "யாரோ ஒருத்தியோட வேண்டுதல் என் தலையில உறுத்தறது" என்று கழற்றி வைத்தவள் மறுபடி தொடவில்லை.

மருந்து முடிந்து சில மாதத்தில் முடி வந்தது. பிறந்ததிலிருந்து கோரைமுடியாக இருந்தவளுக்குச் சுருள் சுருளாக வந்தது. இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். அத்தைக்கு அதில் ரகசியமாகப் பெருமை. பழனிக்குப் போய் வேண்டுதலை முடிக்க வேண்டாமா என்று அத்திம்பேர் வருஷா வருஷம் கேட்பார். போனால் புது முடியையும் கொடுத்துவிட்டு வர வேண்டுமோ என்று அத்தைக்குப் பயம்.

"பூமுடி கொடுத்தாப் போதுமோன்னோ? மூணு விரற்கடை?" என்று என்னிடம் விசாரித்தாள். மஞ்சள் துணி அலமாரியிலேயே இருக்கிறது.