ஷ்நிட்சலும் தகரக் காசும்

வியன்னாவில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் பின்னால் வோல்ட்சைலே என்றொரு தெரு. அதிலிருந்து உள்ளே போகும் குறுகலான சந்தில் சாப்பாட்டு நேரத்தில் வரிசை கட்டி நிற்பார்கள். பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். 1905இல் ஒயின் கடையாகத் தொடங்கிய ஃபிக்ல்முல்லர் உணவகத்துக்கான வரிசை அது. இடம் கிடைத்து உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றைத்தான்: ஷ்நிட்சல். சுமார் 30 சென்டிமீட்டர் விட்டம். தட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே தொங்கும். முதல் வேலை போட்டோ, அப்புறம்தான் கத்தி.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. இறைச்சியைத் தட்டித் தட்டி மெல்லியதாக்கி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் மூன்றிலும் புரட்டுவார்கள். ரொட்டித்தூளை அழுத்தக் கூடாது. பொரிக்கும்போது சட்டியை ஆட்டிக்கொண்டே இருந்தால் சூடான நெய் மேலே ஏறி, மேலோடு பூரிபோல உப்பி இறைச்சியிலிருந்து விலகி நிற்கும். பழைய முறைப்படி பொரிப்பது பட்டர்ஷ்மால்ஸில். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், உருக்கிய வெண்ணெய்தான்; நம்ம நெய்க்கு நெருங்கிய சொந்தம்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. ஆஸ்திரியாவில் வெறுமனே 'வீனர் ஷ்நிட்சல்' என்று எழுதினால் அது கன்றிறைச்சியாக இருக்க வேண்டும். பன்றியென்றால் பன்றி என்று சொல்லியாக வேண்டும். ஃபிக்ல்முல்லரின் புகழ்பெற்ற ராட்சத ஷ்நிட்சல் பன்றியிறைச்சி. அதனால் அது கடையின் சொந்தப் பெயரில் விற்கப்படுகிறது. உலகமே 'வியன்னாவின் பாரம்பரியம்' என்று தேடி வரும் தட்டு, சட்டப்படி அந்தப் பெயரைத் தனியாகச் சூடிக்கொள்ள முடியாது.

பாரம்பரியம் என்ற சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் இப்படித்தான் ஒவ்வொன்றாக உதிரும்.

ஷ்நிட்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வழிகாட்டிகள் தளபதி ராடெட்ஸ்கியின் கதையைச் சொல்வார்கள். 1848இல் வடஇத்தாலியில் கிளர்ச்சியை அடக்கியவர். மிலானில் சாப்பிட்ட கட்லெட்டைப் பற்றிப் பேரரசருக்கு எழுதி அனுப்ப, அரண்மனை சமையற்கட்டு அதைப் பிடித்துக்கொண்டதாம். அழகான கதை. ஆனால் கட்டுக்கதை. 1969இல் வெளிவந்த ஓர் இத்தாலிய உணவு வழிகாட்டி நூல் வழியாகப் பரவியது என்று மொழியியலாளர் ஹைன்ஸ் டீட்டர் போல் காட்டியிருக்கிறார். ராடெட்ஸ்கியின் வெற்றிக்கு முன்பே, 1831ஆம் ஆண்டு சமையல் புத்தகமொன்றில் ரொட்டித்தூள் புரட்டிய கன்றிறைச்சித் துண்டு இருக்கிறது. இருந்தும் ஏன் அந்தக் கதை சாகவில்லை? தளபதி, பேரரசர், அரண்மனை என்று பெரிய மனிதர்கள் வந்தால் கதை நிற்கும். அடுப்படியில் நின்றவள் பெயர் யாருக்கு வேண்டும்?

அடுப்படியில் நின்றவர்களைத் தேட மெனு அட்டையே போதும். குலாஷ், ஹங்கேரி மாட்டுக்காரர்களின் உணவு; பெயரே அந்த மொழியில் மாடு மேய்ப்பவனைக் குறிப்பது. பாலாட்ஷிங்கன் என்ற மெல்லிய அப்பம் ருமேனியாவிலிருந்து ஹங்கேரி வழியாக வந்த சொல். பிளம்ஸ் பழக்களியான போவிடில், இனிப்பு பன்னான புக்டல் இரண்டும் செக் மொழிப் பெயர்கள். வசதியான வியன்னா வீடுகளில் பொஹீமியச் சமையல்காரி இருப்பது அன்று பெருமை. அந்தப் பெண்கள் ரயிலேறி வந்தபோது கூடவே வந்தவை இவை. 1918இல் பேரரசு உடைந்து ஆஸ்திரியா சிறு நாடாகச் சுருங்கியது. பொஹீமியாவும் ஹங்கேரியும் போய்விட்டன. சாப்பாடு மட்டும் தங்கி 'வியன்னாச் சமையல்' ஆயிற்று.

பொஹீமியாவிலிருந்து சமையல்காரிகள் மட்டும் வரவில்லை. நகரின் தெற்கே வீனர்பெர்க் செங்கல் சூளைகளுக்கும் அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள். இன்று பயணிகள் வாய்பிளந்து பார்க்கும் ரிங் சாலை மாளிகைகளுக்குள் இருப்பது அவர்கள் அறுத்த கல்தான். 1888இல் மருத்துவரான விக்டர் ஆட்லர் மாறுவேடத்தில் சூளைக்குள் புகுந்து, பார்த்ததைத் தன் வார ஏட்டில் எழுதினார். கூலி பணமாகத் தரப்படவில்லை. தகர வில்லைகளாகத் தரப்பட்டது. வில்லைகள் சூளையின் சொந்தக் கடைகளில் மட்டுமே செல்லும். அங்கே விலை அதிகம், சாப்பாடு மட்டம். தோட்டத்துக் கடைக் கணக்கைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்லர் பின்னர் ஆஸ்திரிய சமூக ஜனநாயகக் கட்சியை ஒன்றுபடுத்தியவர்.

அவருடைய மகன் ஃப்ரீட்ரிக் ஆட்லர் வியன்னாவின் இன்னொரு சாப்பாட்டு மேசைக்குள் வருகிறார். நியூயர் மார்க்ட் சதுக்கத்தில் மைஸ்ல் உண்ட் ஷாதன் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. வேகவைத்த மாட்டிறைச்சிக்குப் பேர்போன இடம். பேரரசர் ஃப்ரான்ஸ் ஜோசஃபுக்கும் பிடித்த உணவு அதுதான். மாட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் தனிப் பெயர் வைத்து, கேட்ட துண்டைப் பரிமாறுவார்கள். இன்று பயணிகள் விரும்பிக் கேட்கும் டாஃபல்ஷ்பிட்ஸ் அந்தத் துண்டுகளில் ஒன்று.

1916 அக்டோபர் 21. போரின் மூன்றாம் ஆண்டு. ரொட்டிக்கு ஏற்கெனவே ரேஷன் அட்டை. நாடாளுமன்றம் 1914இலிருந்து பூட்டிக் கிடந்தது. திறக்க மறுத்தவர் பிரதமர் ஷ்டூர்க் பிரபு. அன்று அவர் வழக்கம்போல அந்த ஹோட்டலில் மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்தார். இன்னொரு மேசையில் தானும் சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்த ஃப்ரீட்ரிக் எழுந்து போய் அவரைச் சுட்டுக் கொன்றார். மக்கள் சபை இல்லாத ஆட்சியை எதிர்த்தே சுட்டதாக நீதிமன்றத்தில் சொன்னார். மரண தண்டனை குறைக்கப்பட்டு, 1918இல் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். அதே ஆண்டு ஜனவரியில் மாவு ரேஷனைக் குறைத்ததுதான் பேரரசையே உலுக்கிய வேலைநிறுத்தத்துக்குத் தீப்பொறி. நவம்பர் 11இல் தந்தை விக்டர் இறந்தார். மறுநாள் குடியரசு பிறந்தது. ஹோட்டல் இரண்டாம் உலகப்போரில் அழிந்தது. அதன் பெயரில் இப்போது ரிங் சாலையில் ஓர் உணவகம் இருக்கிறது. அங்கேயும் ஷ்நிட்சல் சிறப்பு.

இப்படிப்பட்ட எளிய பழைய சாப்பாட்டுக் கடையை வியன்னாக்காரர்கள் 'பைஸ்ல்' என்பார்கள். இத்திஷ் மொழியில் வீட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலான விளக்கம். 1938இல் ஹிட்லரின் படைகள் நுழைந்த பிறகு வியன்னா யூதர்கள் விரட்டப்பட்டார்கள். ஆஸ்திரிய யூதர்களில் 65,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சொல் மட்டும் கடைப் பலகையில் நிற்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று விட முடியாது. ஆஸ்திரியா 1964இல் துருக்கியுடனும் 1966இல் யூகோஸ்லாவியாவுடனும் ஒப்பந்தம் போட்டு வேலையாட்களை வரவழைத்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் இன்றும் 'நீ எந்த ஊர்?' என்று கேட்கிறார்கள். 2024 பொதுத்தேர்தலில் அதிக வாக்குகள் வாங்கியது, குடியேறிகளுக்கு எதிராகப் பேசும் சுதந்திரக் கட்சி. பாரம்பரியத்தைக் காப்பாற்றுவோம் என்று சொல்பவர்கள் எந்தத் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள்? குலாஷையா, பாலாட்ஷிங்கனையா?

போகிறவர்கள் தாராளமாக வரிசையில் நில்லுங்கள். ஷ்நிட்சல் நிஜமாகவே ருசியான விஷயம்தான். எலுமிச்சையைப் பிழிந்து, உருளைக்கிழங்கு சாலட்டோடு சாப்பிடுங்கள். பரிமாறுபவர் பில்லோடு வரும்வரை மெனு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடாமல் இன்னொரு முறை படியுங்கள். அதில் அரண்மனையின் பெயரில் ஒன்றிரண்டு பதார்த்தங்கள் இருக்கும். மற்றதெல்லாம் ரயிலேறி வந்தவர்கள் கொண்டுவந்தது.